க்ளட்ச்சும் மாமாவின் இடது முழங்காலும்

முழங்கால் தேய்ந்துபோன ஒரு பஸ் டிரைவருக்கு என்ன கார் வாங்கலாம்? ரெண்டே வரியில் பதில் சொல்லிடலாம்தான். ஆனா கேட்கிற ஆள் என் தாய்மாமா. ரெண்டு வரி பதில் அவர்கிட்ட செல்லாது. "அது எதனால மாப்ளே?" என்பார். அந்த எதனாலவுக்குப் பதில் தேடப்போய், கண்ணில் பட்ட எல்லா க்ளட்ச்சையும் ஒரு சுத்து சுத்தி வந்தாச்சு. சேர்த்து வெச்சதைப் பதிவாப் போட்டுடறேன். மெக்கானிக்கல் படிச்ச மக்கள் கொஞ்சம் பொறுத்துக்குங்க, உங்களுக்கு எல்லாம் தெரிஞ்ச கதைதான்.

மாமா கோயமுத்தூரில் 31 வருஷம் தனியார் டவுன் பஸ் ஓட்டினவர். ரிட்டயர் ஆனப்புறம் இடது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு, "வயசாச்சுல்ல, தேய்மானம்"னார். "வலது காலுக்கும் அதே வயசுதானுங்களே?"ன்னு மாமா கேட்டார். பழைய ஜோக்தான், ஆனா அவர் ஜோக்காக் கேட்கலை. நிஜமாவே பதில் வேணும்னு கேட்டார்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். ஒரு ட்ரிப்புக்கு 30 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்னு கிளம்பி மூணாவது கியர் போறதுக்குள்ள குறைஞ்சது 5 மிதி. ஒரு நாளைக்கு 8 ட்ரிப். ஆக 1200. வருஷத்துக்கு 300 நாள் வேலைன்னு வெச்சா 3,60,000. அதை 31-ஆல் பெருக்கினா ஒரு கோடியே பதினொன்றரை லட்சத்துக்கும் மேல. சிக்னல், ஜாம், குறுக்கே வர்ற ஆட்டோ எதையும் சேர்க்காத கணக்கு இது. மாமா அந்த நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "டாக்டர்கிட்ட இதைக் காட்டியிருக்கணும்"னார். முழங்கால் தேய்ஞ்சது இதனாலதான்னு நான் சொல்ல வரலை, நான் டாக்டர் இல்லை. ஆனா நம்பர் நம்பர்தானே.

சரி, மேட்டருக்கு வருவோம். க்ளட்ச்னு ஒண்ணு எதுக்கு?

பெட்ரோல், டீசல் எஞ்சினுக்கு நிக்கிற இடத்திலிருந்து இழுக்கத் தெரியாது. ஓடிக்கிட்டே இருந்தாத்தான் அதுக்கு உயிர். சும்மா ஐட்லிங்கில் விட்டாலே நிமிஷத்துக்கு 700, 800 சுத்து சுத்தும். வண்டியோ ஸ்டாப்பில் நிக்குது, சக்கரம் பூஜ்யம். 800 சுத்தறதையும் சுத்தாததையும் திடீர்னு கோர்த்துவிட்டா என்னாகும்? எஞ்சின் ஒரு குலுக்கலோட ஆஃப் ஆயிடும். ஆகவே ரெண்டுக்கும் நடுவில், வழுக்கி வழுக்கி மெதுவா ஒத்துப்போற ஒரு சமாச்சாரம் தேவைப்படுது. நீராவி எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிலிண்டருக்குள்ள நீராவி நுழைஞ்சா பூஜ்யத்திலிருந்தே தள்ளும். கரி ரயிலில் க்ளட்ச் கிடையாது. மின்சார மோட்டாருக்கும் அதே கதைதான், அதுக்குக் கடைசியில் வர்றேன்.

இந்த வழுக்கலில் ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. சமதளத்தில் வண்டி கிளம்பி, க்ளட்ச் முழுசாப் பிடிக்கிற வரைக்கும், எஞ்சின் ஒரே வேகத்தில் சுத்துதுன்னு வெச்சுக்குங்க. அந்த நேரத்தில் எஞ்சின் கொடுக்கிற சக்தியில் பாதிதான் வண்டிக்குப் போகும். மிச்சப் பாதி க்ளட்ச்சில் சூடாப் போயிடும். எவ்வளவு நைசா விட்டாலும் இந்தப் பாதியைத் தப்பிக்க முடியாது. மெதுவா விட்டாலும் பாதி, வெடுக்குன்னு விட்டாலும் பாதி. அப்புறம் நல்ல டிரைவருக்கும் மோசமான டிரைவருக்கும் என்ன வித்தியாசம்? கிளம்பும்போது எஞ்சினை எத்தனை வேகத்தில் வெச்சிருக்கார் என்பதுதான். 1000 ஆர்பிஎம்மில் கிளம்பறவரைவிட 2000-த்தில் உறும விட்டுக் கிளம்பறவர் நாலு மடங்கு சூட்டைப் ப்ளேட்டில் கொட்டறார். வேகம் ரெண்டு மடங்கானா சூடு அதன் வர்க்கமா ஏறும். செகண்ட் கியரில் கிளம்பற சோம்பேறித்தனத்துக்கும் இதே தண்டனைதான்.

மாமாகிட்ட இதைச் சொன்னப்ப, "ஆக்ஸிலேட்டர்ல கால் வெக்காம க்ளட்ச்சுலயே வண்டியை நகர்த்தோணும், அப்புறம்தான் ரேஸ் குடுக்கோணும்னு என்ற குருநாதர் சொன்னாரு"ன்னார். ஃபார்முலா இல்லாமலேயே அந்தாளு அங்க போய்ச் சேர்ந்திருக்கார்.

கார், பஸ், லாரியில் இருக்கிறது சிங்கிள் ப்ளேட், அதாவது எண்ணெய் படாத உலர் ரகம். எஞ்சின் பின்னாடி கனமான ஃப்ளைவீல். அதை ஒட்டி க்ளட்ச் ப்ளேட். ரெண்டு பக்கமும் ப்ரேக் லைனிங் மாதிரி ஒரு பொருள் ரிவெட் அடிச்சு ஒட்டியிருக்கும். முன்னே அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பாங்க. அந்தத் தூசியை வாயால் ஊதித் தள்ளிக்கிட்டு வேலை பார்த்த மெக்கானிக்குகளை நினைச்சா இப்போ பகீர்ங்குது. ப்ளேட்டுக்குப் பின்னாடி பிரஷர் ப்ளேட். அதை ஸ்பிரிங் எப்பவும் அழுத்திக்கிட்டே இருக்கும். அதாவது நாம கால் வெக்காதப்பதான் க்ளட்ச் பிடிச்சிருக்கு. மிதிச்சா ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கைத் தள்ளி, பிடியை விடுவிக்குது. சின்னக் காரில் இந்தத் தட்டு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது, 18, 20 சென்டிமீட்டர். கனரக வண்டிகளில் 35-லிருந்து 43 சென்டிமீட்டர் வரை.

பஸ்ஸை இழுக்கிற அளவு முறுக்கை வழுக்காமப் பிடிக்கணும்னா ஸ்பிரிங் எவ்வளவு பலமா அழுத்தணும்? அத்தனை பலத்தையும் எதிர்த்து நிக்கிறது டிரைவரோட இடது கால். நடுவில் நெம்புகோல் இருக்கு, உதவுதுதான். ஆனா பெடல் நகர்ற தூரத்துக்கும் ஒரு எல்லை உண்டே. பழைய வண்டிகளில் சுத்திவர காயில் ஸ்பிரிங்குகள். மிதிக்க மிதிக்க எதிர்ப்பு ஏறிக்கிட்டே போகும். பிறகு வந்தது டயாஃப்ரம் ஸ்பிரிங், பூவிதழ் மாதிரி விரல் விரலா வெட்டின ஒரே ஒரு எஃகுத் தட்டு. அதுக்கு ஒரு நல்ல குணம். ஒரு கட்டம் தாண்டினா எதிர்ப்பு ஏறாது, கொஞ்சம் தளரவும் செய்யும். ஒரு கெட்ட குணமும் உண்டு. ப்ளேட் தேயத் தேய பெடல் கெட்டியாகும்.

மாமா இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதானே! ப்ளேட்டு தீர்ற மாசத்துல கால் ரெண்டு பங்கு வலிக்கும். சொன்னா முதலாளி நம்ப மாட்டாரு. வண்டிதான் ஓடுதே, இன்னும் ஒரு மாசம் ஓட்டுப்பாம்பாரு." அந்த முதலாளி இப்போ இல்லை. மாமாவுக்கு அவர்மேல் கோபமும் இல்லை. ஆனா வலி கற்பனை இல்லைன்னு யாரோ ஒருத்தர் காரணத்தோட சொன்னதில் அவருக்கு ஒரு நிம்மதி. இப்போ வர்ற கனரக வண்டிகளில் காற்றழுத்தத்தில் உதவுற பூஸ்டர் இருக்கு, பெடல் எவ்வளவோ லேசு. மாமா காலத்தில் அவர் ஓட்டின வண்டியில் கிடையாது.

பைக்குக்கு வருவோம். அதில் 35 சென்டிமீட்டர் தட்டுக்கு எங்கே இடம்? அதனால் சின்னச் சின்னத் தட்டா அடுக்கிட்டாங்க. லைனிங் ஒட்டின தட்டு ஒண்ணு, வெறும் எஃகுத் தட்டு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி, நம்மூர் தோசைக்கல்லை அடுக்கின மாதிரி. அஞ்சு லைனிங் தட்டு இருந்தா பிடிக்கிற பரப்பு பத்து. காரில் ரெண்டே ரெண்டு. ஆகவே சின்ன விட்டத்திலேயே, ரெண்டு விரலால் அழுத்தற ஸ்பிரிங்கிலேயே வேலை முடிஞ்சுடுது. இது மொத்தமும் எஞ்சின் ஆயிலில் முங்கிக் கிடக்கும். எண்ணெயில் ஊறினது எப்படிப் பிடிக்கும்னு தோணும். பிடிப்பு குறைவுதான், ஆனா தட்டு நிறைய இருக்கே. பதிலுக்கு எண்ணெய் சூட்டைக் கொண்டுபோயிடுது. சிட்டி ட்ராஃபிக்கில் பைக்கை மணிக்கணக்கில் ஆஃப் க்ளட்ச்சில் உருட்டியும் அது பிழைச்சுக் கிடக்கிறது இதனாலதான். கார் ஆயில் விலை கம்மின்னு பைக்கில் ஊத்தாதீங்க மக்களே. அதில் உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்த்திருப்பாங்க, ப்ளேட் வழுக்க ஆரம்பிச்சுடும். ஜாஸோ எம்ஏன்னு டப்பாவில் போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. காலையில் முதல் கியர் போடும்போது 'டக்'னு ஒரு சத்தம் வருமே, அதுக்கும் காரணம் இந்த எண்ணெய்தான். க்ளட்ச்சைப் பிடிச்சிருந்தாலும் பிசுபிசுப்பில் தட்டுகள் ஒண்ணையொண்ணு லேசா இழுத்துக்கிட்டே இருக்கும். உள்ளே கியர் கோர்க்கறது டாக் க்ளட்ச். அதுக்கு வழுக்கவே தெரியாது. பல்லுக்குள்ள பல், கோர்த்தா கோர்த்ததுதான்.

இனி எனக்குப் பிடிச்ச க்ளட்ச். அத்தையோட க்ளட்ச்.

அத்தை 20 வருஷத்துக்கு மேலா டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டறாங்க. ரேஷன் அரிசி, மாவு மில், கேஸ் சிலிண்டர், எல்லாம் அந்த வண்டிதான். ஓசூரிலிருந்து 1980-ல் டிவிஎஸ் 50 வந்தப்ப அதோட பெரிய சமாச்சாரம் விலை மட்டும் இல்லை, இடது கையில் க்ளட்ச்சே இல்லாததும்தான். எஞ்சின் தண்டில் ரெண்டு மூணு சின்ன ஷூ, ஸ்பிரிங்கால் உள்ளுக்கு இழுத்துக் கட்டினது. சுத்திவர ஒரு டிரம். எஞ்சின் மெதுவா ஓடும்போது ஷூ ஒதுங்கியிருக்கும். வேகம் ஏறினா ராட்டினத்தில் உட்கார்ந்தவன் வெளியே தள்ளப்படற மாதிரி ஷூ வெளியே சாஞ்சு டிரம்மைப் பிடிக்கும். இங்கேயும் வர்க்கக் கணக்குதான். 1500-லிருந்து 3000 ஆனா தள்ளற விசை நாலு மடங்கு. அதனாலதான் ஆக்ஸிலேட்டரைத் திருகின கொஞ்ச நேரத்தில் தயக்கமில்லாம வண்டி பிடிச்சுக் கிளம்புது. கேபிள் இல்லை, பெடல் இல்லை, எப்போ பிடிக்கணும்னு வேகமே முடிவு பண்ணிக்குது. இப்போ ஓடற கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாத்திலும் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இதே ஷூவும் டிரம்மும்தான் உட்கார்ந்திருக்கு. நடுவில் ஒரு பெல்ட் சேர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

ஜப்பானில் 1958-ல் ஹோண்டா சூப்பர் கப் செஞ்சபோது, நூடுல்ஸ் டெலிவரி பண்ற பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கிட்டு இன்னொரு கையால் ஓட்டணும்னு நினைச்சு க்ளட்ச் லீவரை எடுத்தாங்களாம். கியரை மட்டும் காலுக்குக் கொடுத்தாங்க. 2017-ல் அந்த வண்டி மொத்தத்தில் பத்து கோடியைத் தாண்டிடுச்சு.

அத்தைகிட்ட எப்படி ஓட்டக் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். "உங்க மாமாகிட்ட ஸ்கூட்டர் கத்துக் குடுங்கன்னு மூணு வருசம் கேட்டேன் கண்ணு. க்ளட்ச் விடறது உனக்கு வராதுன்னு சொல்லிட்டாரு. இது வந்துச்சு, கத்துக்க ஒண்ணுமே இல்ல. நானே எடுத்து ஓட்டிட்டேன்." பக்கத்தில் மாமா செய்தித்தாளை ரொம்பக் கவனமா படிச்சுக்கிட்டிருந்தார் :-)

ஒரு விஷயம் சொல்லணும். மாமாவுக்குக் க்ளட்ச்னா அது தொழில் கௌரவம். பஸ்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி லாரியில் கிளீனரா இருந்து டிரைவரானவர். அந்த லாரி கியர்பாக்ஸில் சின்க்ரோமெஷ் கிடையாது. சின்க்ரோமெஷ்ங்கறது ஒரு குட்டிக் கூம்பு க்ளட்ச். ஆரம்பகாலக் கார்களில் க்ளட்ச்சே தோல் போர்த்தின கூம்புதான். அது போய் தட்டு வந்தாச்சு. ஆனா கூம்பு சாகலை. பித்தளை வளையமா உருமாறி கியர்பாக்ஸுக்குள்ள போய் உட்கார்ந்துகிச்சு. கியர் பல்லு கோர்க்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி கூம்பும் கூம்பும் உரசி ரெண்டு வேகத்தையும் சமமாக்கிடும். 1928-ல் கேடிலாக் காரில் முதலில் வந்தது. அது இல்லாத லாரியில் டபுள் க்ளட்ச் போடணும். மிதி, நியூட்ரல், விடு, ஒரு ரேஸ், மறுபடி மிதி, கீழ்க் கியர். காதால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வேகத்தை ஒத்துப்போக வைக்கணும். தப்பினா 'க்ர்ர்ர்'னு ஊரே திரும்பிப் பார்க்கும். மாமா அதைச் செய்யறப்ப சத்தமே வராதாம். இது அத்தை சொன்னது.

இன்னைக்கும் அவரை நான் காரில் உட்காரவெச்சுக் கூட்டிட்டுப் போனா, நான் கியர் மாத்தறதுக்கு முன்னாடியே அவரோட இடது கால் மேட்டை அழுத்தும். எனக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சுடும். அப்படிப்பட்ட ஆள்கிட்டப் போய் அவரோட பசங்க "இனிமே ஓட்ட வேண்டாம், எங்க போகணும்னாலும் டாக்ஸி போட்டுத் தர்றோம்"னு சொல்லிட்டாங்க. பாசத்தில்தான் சொன்னாங்க. அவர் ஒண்ணும் பேசலை. ரெண்டு மாசம் எங்கேயும் போகவும் இல்லை. அதுக்கப்புறம்தான் என்கிட்ட அந்தக் கார் கேள்வி வந்தது.

ஆட்டோமேட்டிக்னு ஒரே பேரில் கடையில் வித்தாலும் உள்ளே நாலைஞ்சு சாதி. டார்க் கன்வெர்ட்டரில் கிளம்பற வேலைக்கு உராயற க்ளட்ச்சே இல்லை. ஒரு ஃபேன் எண்ணெயைத் தள்ள, எதிரே இருக்கிற ஃபேன் சுத்துது. சுகம், விலையும் அப்படியே. டூயல் க்ளட்ச்சில் ஒத்தைப்படை கியர்களுக்கு ஒண்ணு, இரட்டைப்படைக்கு ஒண்ணு. ஒண்ணு விடும்போது இன்னொண்ணு பிடிக்கறதால் இழுவை அறுபடாது. ஃபோக்ஸ்வேகன் 2003-ல் கடைக்குக் கொண்டுவந்தது. அதிலும் உலர் ரகம், எண்ணெய் ரகம்னு ரெண்டு உண்டு. ஊர்ந்து போற ட்ராஃபிக்கில் உலர் ரகம் சூடாகும், ஏன்னு மேலே அந்தப் பாதிக் கணக்கைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். மாமா பட்ஜெட்டில் ரெண்டுமே வராது. 2020-ல் ஹூண்டாய் கொண்டுவந்த ஐஎம்டி சுவாரசியமானது. கியர் கம்பி இருக்கும், பெடல் இருக்காது, கம்பியில் கை வெச்சா மோட்டார் க்ளட்ச்சை எடுத்துவிடும். மாமாவுக்கு இது ரொம்பப் பிடிச்சது. ஆனா அந்த வண்டியும் கைக்கு எட்டலை.

எட்டினது ஏஎம்டி. நம்ம ஊரில் 2014-ல் மாருதி செலெரியோவில் வந்து பரவினது. ஷோரூம் பையன், "சார், இதுல க்ளட்ச்சே இல்ல சார்"னான். மாமா சிரிச்சுக்கிட்டே, "க்ளட்ச் இல்லாம எப்படிப்பா நின்னு கிளம்பும்?"னார். பையன் முழிச்சான். உண்மை என்னன்னா, ஏஎம்டிக்குள்ள இருக்கிறது அதே சிங்கிள் ப்ளேட், அதே பிரஷர் ப்ளேட், அதே கியர்பாக்ஸ். காலுக்குப் பதிலா ஒரு ஆக்சுவேட்டர், மூளைக்குப் பதிலா ஒரு கம்ப்யூட்டர். நான் விளக்கினதைக் கேட்டுட்டு மாமா சொன்னார்: "அப்போ உள்ள ஒரு கிளீனர் உக்காந்துட்டு எனக்குப் பதிலா மிதிக்கறான்னு சொல்லு." இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கேயும் படிக்கலை.

ஓட்டிப் பார்த்தார். ஃபர்ஸ்ட்டிலிருந்து செகண்ட் மாறும்போது தலை லேசா முன்னே ஆடிச்சு. அந்த ஒரு நொடியில் இழுவை அறுபடுது, மனுசனா இருந்தா அங்கே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டிருப்பான். ரெண்டாவது தடவை மாமா விட்டார். தலை ஆடலை. "இவன் எப்போ மிதிப்பான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்நேரம் நான் காலை எடுத்துடறேன்." அஞ்சே நிமிஷத்தில் அந்த கிளீனரோட அவர் ராசியாயிட்டார். மேம்பால ஏத்தத்தில் நிறுத்தினப்ப ஆக்ஸிலேட்டரில் வண்டியைப் பிடிச்சு வெக்காம ஹேண்ட்பிரேக் போட்டார். சொல்லிக் கொடுக்காமலேயே. ஏத்தத்தில் ரேஸ் கொடுத்தே வண்டியை நிறுத்தி வெச்சா ப்ளேட் வழுக்கிக்கிட்டே இருக்கும், பெடல் இல்லைங்கறதுக்காகச் சூடு கேட்டுக்கிட்டு வருமா என்ன? ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் பயந்தேன். பழக்க தோஷத்தில் இடது கால் க்ளட்ச்சைத் தேடிப்போய் அகலமான பிரேக்கை ஓங்கி மிதிச்சா பின்னாடி வர்றவன் வந்து மோதிடுவான். அதனால் முதல் அரை மணி நேரம் காலியான ஒரு மைதானத்தில் மட்டும் ஓட்டவெச்சேன். இடது காலை ஓரத்து ஃபுட்ரெஸ்ட்டில் நீட்டி வெச்சு, அத்தை கொடுத்தனுப்பின துண்டை மடிச்சு முட்டிக்கு அண்டை கொடுத்துக்கிட்டார். ஒரு தடவைகூட அந்தக் கால் நகரலை.

எலக்ட்ரிக் காரையும் பார்த்தோம். மோட்டார் பூஜ்யத்திலிருந்தே முழு முறுக்கும் தரும், அதனால் கிளம்பறதுக்குக் க்ளட்ச்சே வேண்டாம். இடது கையில் க்ளட்ச்சும் கியரும் சேர்த்துத் திருகின பஜாஜ் சேத்தக், 2020-ல் அதே பேரில் மின்சார வண்டியா வந்தப்ப அந்த லீவர் காணாமப் போயிருந்தது. சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ் கிளம்பின செய்தியை மாமாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் படத்தைப் பெரிசு பண்ணி டிரைவர் சீட்டுக்குக் கீழே பார்த்துக்கிட்டிருந்தார். "ரெண்டே பெடலா?"ன்னார். அப்புறம், "அந்தப் பசங்க முட்டி தப்பிச்சுது"ன்னார். அவர் வீடு லைன் வீடு. வண்டி தெருவில்தான் நிக்கணும், சார்ஜ் போட வழியில்லை. ஆகவே இப்போதைக்கு ஏஎம்டிதான்.

புக் பண்ணியாச்சு. அட்வான்ஸ் கட்டின கையோட மாமா நேரா சர்வீஸ் பக்கம் போய், க்ளட்ச் செட் மாத்த என்னாகும்னு விசாரிச்சார். "சார், அதுக்கெல்லாம் இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்"னு அந்த மெக்கானிக் சொல்ல, மாமா விடலை. "பெடல் இல்லைன்னா என்ன தம்பி, ப்ளேட்டு தேயுமில்ல? ரேட்டைச் சொல்லு."